வழியில் பாக்கெட்டைத் திருத்துவது: திருவொற்றியூர் எடைமேடையில் இரண்டு ஆண்டுகள்

9 மார்ச் 2024, காலை (வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது)

நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுக்குள் (தகவல் துண்டுக்குள்) சில எழுத்துகளைத் தேடி வேறு எழுத்துகளாக மாற்றும் வேலையை, விதி எழுதி வைத்தாலே செய்துவிடும் கருவிகள் லினக்ஸில் இருப்பதாகப் படித்தேன். எங்கள் கிடங்கில் உள்ள பழைய கருவி ஒன்று சர்வருக்குத் தவறான வடிவத்தில் தகவல் அனுப்புகிறது. கருவியைத் தொட முடியாது. பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி வழியிலேயே திருத்தினால் போதும் என்பது என் எண்ணம். அன்றாடம் வேலை நடக்கும் இடத்தில் இதை யாராவது செய்திருக்கிறீர்களா? எத்தனை நாள் தாங்கியது?

9 மார்ச் 2024, இரவு

செய்திருக்கிறேன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் எடைமேடையில் 2022 முதல் ஓடுகிறது. எடைமேடைக் கருவியோடு இணைந்த பெட்டி, ஒவ்வொரு லாரியும் ஏறி நின்றதும் ஒரே நீளமுள்ள ஒரு வரியை ஒரு யூடிபி பாக்கெட்டில் (இணைப்பு எதுவும் வைக்காமல் தனித்தனியே போகும் வகை) வைத்து அனுப்பும். அந்த வரியில் மேடைக் குறியீடு, வண்டி எண், எடை, தேதி ஆகியவை இருக்கும். பெட்டி தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் ஆறு இலக்கங்களாக எழுதுகிறது. தலைமை அலுவலகத்தில் புதிதாக வந்த மென்பொருளோ ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை எதிர்பார்த்தது. பெட்டியைச் செய்தவர்கள் தொழிலை மூடிவிட்டார்கள், அதன் அமைப்பை மாற்றும் மென்பொருள் எவரிடமும் இல்லை.

யார்டின் நெட்வொர்க்கை வெளியுலகோடு இணைக்கும் கேட்வே கணினியில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. எடைமேடையின் முகவரியிலிருந்து, குறிப்பிட்ட போர்ட்டுக்கு, யூடிபியாகச் செல்லும் பாக்கெட்டை மட்டும் வரிசைக்கு அனுப்பு என்று கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) ஒரு விதி எழுதினேன். அந்த வரிசையிலிருந்து பாக்கெட்டை எடுக்கும் பைத்தான் நிரல், நாளின் இரண்டு இலக்கங்களையும் ஆண்டின் இரண்டு இலக்கங்களையும் இடம் மாற்றிவிட்டு, இதைப் போக விடு என்று கெர்னலிடம் தீர்ப்புச் சொல்கிறது. பிரித்துப் படிக்கவும் திரும்பக் கட்டவும் ஸ்கேப்பி என்ற பைத்தான் நூலகம். செக்சத்தை (பாக்கெட் வழியில் கெடவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்ணை) அதுவே மீண்டும் கணக்கிட்டுவிடுகிறது. நிரல் நின்றுபோனாலும் பாக்கெட் தடையின்றிச் செல்லும்படி விதியில் பைபாஸ் தேர்வையும் சேர்த்திருக்கிறேன்.

விதி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி. கெர்னலிலிருந்து மேலே, நிரலின் கைக்கு, வரவேண்டியது எது என்பதை முடிவு செய்வதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

10 மார்ச் 2024

நேற்று சொல்லாமல் விட்டதைச் சேர்க்கிறேன். உங்கள் கருவி டிசிபியில் பேசுகிறதென்றால் என் அனுபவம் அப்படியே பொருந்தாது. டிசிபி ஒவ்வொரு பைட்டையும் எண்ணி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. நடுவில் நீங்கள் ஒரு பைட்டைக் கூட்டினால், பெறுபவர் எண்ணிய எண்ணும் அனுப்புபவர் எண்ணிய எண்ணும் அந்த இடத்திலிருந்து ஒத்துப்போகாது. அதன்பின் இரு திசையிலும் செல்லும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்த வேறுபாட்டை நீங்களே சரிசெய்துகொண்டிருக்க வேண்டும். போதாததற்கு, நீங்கள் தேடும் சொல்லின் முதல் பாதி ஒரு பாக்கெட்டிலும் மறு பாதி அடுத்த பாக்கெட்டிலும் வரக்கூடும். அதனால்தான் நெட்செட் போன்ற கருவி இரண்டு பக்கமும் தனித்தனி இணைப்பு வைத்துக்கொண்டு நடுவில் பிராக்ஸியாக (இடைத்தரகராக) உட்கார்ந்து எழுத்துகளை மாற்றுகிறது. மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நீளம் மாறாத திருத்தம், ஒரே பாக்கெட்டில் முடியும் தகவல், யூடிபி. இந்த மூன்றும் எனக்குத் தற்செயலாக ஒன்றுசேர்ந்து அமைந்தன. உங்களுக்கு அமைகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

12 மார்ச் 2024

பைபாஸ் பற்றி நான் 9ஆம் தேதி எழுதியது அரைகுறை. ஒருவர் தனிமடலில் கேட்ட பிறகு ஆவணத்தைத் திரும்பப் படித்தேன். பைபாஸ் தேர்வு (2.6.39 கெர்னலில் வந்தது) காப்பாற்றுவது ஒரே ஒரு நிலையில்தான்: வரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் நிரலே இல்லாதபோது. நிரல் உயிரோடு இருந்து, எதற்கோ காத்துக்கொண்டு பாக்கெட்டுகளை எடுக்காமல் இருந்தால், வரிசை நிரம்பும். நீங்கள் மாற்றாவிட்டால் அதன் கொள்ளளவு 1024 பாக்கெட்டுகள். நிரம்பிய பிறகு வருபவை கைவிடப்படும். அந்த நிலைக்கு 3.6 கெர்னலில் வந்த வேறொரு கொடி (தேர்வுக் குறி) இருக்கிறது. நிரல் வரிசையைத் திறக்கும்போதே அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

என் யார்டில் சில நிமிடங்களுக்கு ஒரு லாரிதான் மேடையில் ஏறும். வரிசை நிரம்ப வாய்ப்பே இல்லை என்பதால் இந்த வேறுபாடு என் கண்ணில் படவில்லை. ஓர் அலுவலகத்தின் மொத்த இணையப் போக்குவரத்தையும் வரிசையில் விடுபவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

12 மார்ச் 2024, பின்னிரவு

மேலே எழுதியதை அனுப்பிவிட்டுப் படுத்தபின் வேறொன்று உறுத்தியது. நிரல் இறந்தால் பாக்கெட் போகட்டும் என்று நான் ஏன் முடிவு செய்தேன்? இணையம் நிற்கக்கூடாது என்று நினைப்பவருக்கு அது சரி. என் மேடையில், திருத்தாமல் போகும் பாக்கெட் தவறான தேதியுடன் பதிவாகும், யாருக்கும் தெரியாது. போகாமல் நின்றுவிட்டால் சர்வரில் ஒரு வரி குறையும். ஓட்டுநரிடம் கொடுத்த அச்சுச் சீட்டு இருப்பதால் கையால் பதிந்துகொள்ளலாம். குறைவு கண்ணுக்குத் தெரியும், தவறு தெரியாது. எனக்குப் பைபாஸ் வேண்டியதே இல்லை. நாளை எடுத்துவிடுகிறேன்.

17 மார்ச் 2024

"இரண்டு ஆண்டில் ஒரு முறைகூடத் தடுமாறவில்லையா?" என்று கொருக்குப்பேட்டை நண்பர் கேட்டிருக்கிறார். தடுமாறியது. அதை எழுதத் தயங்கினேன், ஆனால் இதைப் படித்துவிட்டு ஒருவர் வேலையில் இறங்கப்போகிறார் என்பதால் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல இடங்களைப் போல யார்டிலும் மின்சாரம் இல்லை. திரும்ப வந்ததும் கேட்வே கணினி தானே எழுந்தது, எடைமேடை ஓடத் தொடங்கியது. இரண்டு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்தின் கணக்காளர், டிசம்பர் 7 முதலான எடைகள் அறிக்கையில் காணவில்லை என்றார். தேடிப் பார்த்ததில் அவை 2007, 2008, 2009 என்று வெவ்வேறு ஆண்டுகளில், எல்லாம் டிசம்பர் 23ஆம் தேதியில் கிடந்தன. அதாவது தேதி திருத்தப்படாமலே போயிருக்கிறது.

நான் யார்டுக்குப் போன நாள் டிசம்பர் 23. நிரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி தொடங்கினேன். அடுத்து ஏறிய லாரியின் தேதி சர்வரில் சரியாக வந்தது. இன்னொரு லாரிக்கும் காத்திருந்தேன், அதுவும் சரி. சரிசெய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எண்ணூர் விரைவுச் சாலை வழியாக வீடு திரும்பினேன்.

அன்றைய தேதியை ஆறு இலக்கங்களில் எழுதிப் பாருங்கள்: 231223. முன்னாலிருந்து நாள், மாதம், ஆண்டு என்று படித்தாலும், ஆண்டு, மாதம், நாள் என்று படித்தாலும் ஒன்றே. நிரல் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அன்று தேதி சரியாகத்தான் வரும். மறுநாள் 241223 என்பது 2024 டிசம்பர் 23 ஆகப் பதிவானபோதுதான் எனக்கு அது விளங்கியது.

காரணம் இது. 2023 நடுவில் பழைய ஐபிடேபிள்ஸ் விதிகளை என்எஃப்டேபிள்ஸ் கோப்பாக எழுதி மாற்றியிருந்தேன் (இரண்டும் கெர்னலுக்கு விதி சொல்லும் கருவிகள்). பழைய விதியை ஏற்றும் ஸ்கிரிப்டை நீக்க மறந்திருக்கிறேன். கணினி மறுபடி தொடங்காத வரை அது உறங்கிக்கொண்டிருந்தது. புயலுக்குப் பின் இரண்டும் ஏறிவிட்டன. ஒரே பாக்கெட் இரண்டு முறை வரிசைக்கு வந்தது. நாளையும் ஆண்டையும் ஒரு முறை இடம் மாற்றினால் திருத்தம். இன்னொரு முறை மாற்றினால் பழைய நிலை. நிரல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இரட்டிப்பு வேலை செய்து, எதையும் மாற்றாமல் அனுப்பிக்கொண்டிருந்தது.

இப்போது தீர்ப்புச் சொல்லும்போதே பாக்கெட்டின்மேல் மார்க் என்ற ஓர் அடையாள எண்ணை வைக்கிறேன். அந்த மார்க் உள்ள பாக்கெட்டை வரிசைக்கு அனுப்பாதே என்பது விதியின் முதல் நிபந்தனை. இரண்டு முறை செய்தாலும் ஒரு முறை செய்த பலனையே தரும் திருத்தமாக இருந்தால் இந்தக் காவல் இல்லாமலும் பிழைத்திருப்பேன். உங்கள் திருத்தம் எந்த வகை என்று எண்ணிப் பாருங்கள்.

18 மார்ச் 2024

"ஒரே விதியைத் தவறுதலாக இரண்டு முறை ஏற்றினாலே இப்படி ஆகிவிடுமா?" என்ற கேள்விக்கு ஆகும் என்று நேற்றிரவு அவசரத்தில் பதில் எழுதியிருந்தேன். தவறு. அழித்துவிட்டேன். நிரல் போக விடு என்று தீர்ப்புச் சொன்னால் பாக்கெட் அதே சங்கிலியின் (ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கப்படும் விதிகளின் தொகுப்பின்) அடுத்த விதிக்குச் செல்வதில்லை. அந்தச் சங்கிலியின் மிச்சத்தைத் தாண்டி, அடுத்த சங்கிலிக்குப் போய்விடுகிறது. ஆகவே ஒரே சங்கிலியில் அடுத்தடுத்து இரண்டு வரிசை விதிகள் இருந்தால் இரண்டாவது விதிக்கு வேலையே இராது. எனக்கு நேர்ந்தது இரண்டு வெவ்வேறு சங்கிலிகளில் விதி இருந்ததால்.

இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. வரிசை விதிக்குக் கீழே அதே சங்கிலியில் நீங்கள் எழுதிவைத்த தடை விதிகள் எதுவும் அந்தப் பாக்கெட்டுக்குப் பொருந்தாமல் போகும். நிரலின் ஒரு சொல், ஃபயர்வாலின் மீதிப் பகுதியையே தாண்ட வைத்துவிடும். ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருளான சூரிகாட்டாவை இந்த வரிசையோடு இணைத்து ஓட்டுபவர்களுக்காகவே, தீர்ப்புச் சொன்னபின் மார்க் வைத்து விதிகளைத் தொடக்கத்திலிருந்து மறுபடி பார்க்கச் சொல்லும் முறை அதில் இருக்கிறது. என்னைப் போன்ற சிறு வேலைக்கு, வரிசை விதியைத் தனிச் சங்கிலியில் வைத்து, தடை விதிகளை அதற்குப் பின்வரும் சங்கிலியில் வைப்பதே எளிது.

24 மார்ச் 2024

இன்று 240324. மார்க் திருத்தத்தைச் சோதிக்கலாம் என்று யார்டில் அழைத்தார்கள். நாளைக்கு வருகிறேன் என்றேன். 2024இல் எந்த மாதத்தின் 24ஆம் தேதியும் எனக்குச் சோதனை நாள் அல்ல.

31 மார்ச் 2024

இரண்டு கருத்துகளுக்குச் சேர்த்துப் பதில்.

டிபிடிகே அல்லது எக்ஸ்டிபி இருக்கும்போது பைத்தான் எதற்கு என்கிறார் ஒருவர். டிபிடிகே நெட்வொர்க் கார்டையே கெர்னலிடமிருந்து எடுத்து நிரலின் கையில் கொடுத்துவிடும். விநாடிக்கு இலட்சக்கணக்கில் பாக்கெட் கையாளுபவருக்கு அது தேவை. எக்ஸ்டிபி கெர்னலுக்குள்ளேயே, கார்டுக்கு மிக அருகில் ஓடுவது. லாரிகள் வரிசையில் நின்று ஏறும் மேடைக்கு, அடுத்து வருபவர் படித்துப் புரிந்துகொள்ளும் நாற்பது வரிப் பைத்தான்தான் மேல்.

பெரம்பூர் வாசகருக்குச் சில இணையதளங்கள் பாதியில் நிற்கின்றன, பாக்கெட்டின் அளவை நிரலால் குறைக்கலாமா என்கிறார். அவருடைய இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் வகை). ஒரு பாக்கெட்டுக்கு ஈதர்நெட் தரும் 1500 பைட்டில் 8 அதற்கே போய்விட, மிச்சம் 1492. அதில் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 போக 1452. இணைப்புத் தொடங்கும்போது இரு தரப்பும் சொல்லும் எம்எஸ்எஸ் எண்ணை (ஒரு பாக்கெட்டில் ஏற்கும் அதிகபட்சத் தகவலின் அளவை) இந்த அளவுக்குக் குறைக்கும் வேலையைக் கெர்னலின் விதியே செய்யும், நிரல் எதுவும் வேண்டாம். முகவரி மாற்றம், போர்ட் மாற்றம், டிடிஎல் (பாக்கெட் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்ற எண்), முன்னுரிமைக் குறி எல்லாமும் இப்படித்தான். கெர்னலின் விதிக்குச் சொல்லத் தெரியாத வேலை மட்டுமே மேலே வரவேண்டும்.

6 ஏப்ரல் 2024

9 மார்ச் அன்று, செக்சத்தை ஸ்கேப்பியே கணக்கிடுகிறது என்று எழுதியிருந்தேன். அது உண்மையல்ல என்று இன்று தெரிந்துகொண்டேன்.

அதே உரிமையாளர் மணலியில் இரண்டாவது யார்டு திறந்திருக்கிறார். அங்கேயும் அதே வகைப் பழைய பெட்டி. இரண்டு பெட்டிகளும் தங்கள் மேடைக் குறியீட்டை 01 என்றே அனுப்புகின்றன. மணலியின் குறியீட்டை 02 ஆக்க ஒரே ஒரு வரியை நிரலில் கூட்டினேன். சர்வரில் மணலியிலிருந்து ஒன்றுமே பதிவாகவில்லை. சர்வரில், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டினால் பாக்கெட் வந்து சேர்வது தெரிகிறது, தேதி சரி, குறியீடு 02. ஆனால் மென்பொருளுக்குக் கிடைக்கவில்லை.

மூன்று மணி நேரம் விபிஎன், முகவரிப் பட்டியல் என்று சுற்றிவிட்டு, கெர்னல் வைத்திருக்கும் யூடிபி புள்ளிவிவரத்தைப் பார்த்தேன். செக்சம் பிழை என்ற எண்ணிக்கை, மணலியில் லாரி ஏறும்போதெல்லாம் ஒன்று கூடியது. டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பார்க்கும் இடம், செக்சம் சரிபார்க்கப்படும் இடத்துக்கு முன்னால் இருக்கிறது. அங்கே தெரிந்தது, அடுத்த படியில் சத்தமின்றிக் கைவிடப்பட்டது.

பிழை நிரலில். ஸ்கேப்பி ஒரு பாக்கெட்டைப் பிரித்ததும் வந்த செக்சம் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும். அந்தப் புலத்தை அழித்தால்தான் திரும்பக் கட்டும்போது புதிதாகக் கணக்கிடும். நான் ஐபி தலைப்பின் செக்சத்தை அழித்திருக்கிறேன், அதை அழிக்கத் தேவையே இல்லை. யூடிபியின் செக்சத்தை அழிக்கவில்லை.

7 ஏப்ரல் 2024

அப்படியென்றால் திருவொற்றியூரில் இரண்டு ஆண்டுகள் எப்படி ஓடியது என்ற கேள்வி இரவு முழுவதும் தூங்கவிடவில்லை. அங்கேயும் செக்சம் கணக்கிடப்படவில்லை. அங்கேயும் உள்ளடக்கம் மாறியிருக்கிறது. ஆனால் ஒரு பாக்கெட்கூடக் கைவிடப்படவில்லை.

விடை 1988இல் வந்த ஆர்எஃப்சி 1071 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் இருக்கிறது. இணையச் செக்சம் என்பது பாக்கெட்டை இரண்டிரண்டு பைட்டாகப் பிரித்துக் கூட்டி வரும் தொகை. எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றே. நாளின் இரண்டு இலக்கங்களும் ஆண்டின் இரண்டு இலக்கங்களும் சரியாக நான்கு பைட் இடைவெளியில் இருக்கின்றன. இடம் மாற்றும்போது இரட்டை இடத்தில் இருந்த பைட் இரட்டை இடத்துக்கே போகிறது, ஒற்றை இடத்தில் இருந்தது ஒற்றை இடத்துக்கே. எடைமேடையின்மேல் நிற்கும் லாரியில் மூட்டைகளை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கினால் மொத்த எடை மாறாதல்லவா, அதே கணக்குத்தான். 01ஐ 02 ஆக்கியது, லாரியில் ஒரு மூட்டை கூடியதற்குச் சமம், தொகை மாறிவிட்டது.

சரியாக எழுதியதால் இரண்டு ஆண்டுகள் ஓடவில்லை, தேதியின் வடிவத்தால் ஓடியிருக்கிறது. புதுவண்ணாரப்பேட்டை நண்பரின் கிடங்குக்கும் இந்த நிரலைப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறேன். காலையில் முதல் வேலையாக அவரை அழைத்துத் திருத்தச் சொன்னேன்.

ஐபிவி4இல் யூடிபி செக்சத்தைச் சுழியாக வைத்தால் யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்று ஒருவர் குறுக்குவழி சொல்கிறார். விதிப்படி அது செல்லும். ஆனால், பாக்கெட்டின் உள்ளே கை வைத்த நாமே, உள்ளே கெட்டுப்போனதைக் காட்டக்கூடிய ஒரே அடையாளத்தையும் துடைத்துவிடக்கூடாது. மேலும் ஐபிவி6இல் சாதாரண யூடிபி பாக்கெட்டுக்குச் சுழி செல்லாது.

9 ஏப்ரல் 2024

தேதியை மாற்ற முடிந்தால் எடையையும் மாற்றலாமே என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. செய்ய மாட்டேன், வழியும் சொல்ல மாட்டேன். 2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதிக் கன்டெய்னரின் சரிபார்க்கப்பட்ட மொத்த எடை தெரியாமல் அதைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சோலாஸ் உடன்படிக்கையின் விதி. அடுக்கின் கீழே இருக்க வேண்டிய கன்டெய்னர் தவறான எடையால் மேலே போனால் கப்பலில் இருப்பவர்களின் உயிருக்கு ஆபத்து. அந்த எண் இந்த மேடையிலிருந்தும் போகிறது.

இந்தக் கேள்வி ஒரு நல்லதைச் செய்தது. திருத்துவதற்கு முன் வந்த பாக்கெட்டையும் திருத்திய பின் போன பாக்கெட்டையும் சேர்த்தே கோப்பில் பதிகிறேன். வழியில் எது மாறியது, எது மாறவில்லை என்று எவர் கேட்டாலும் காட்ட வேண்டும்.

13 ஏப்ரல் 2024

"இவ்வளவு பாடுபடுவதற்கு, கேட்வேயிலேயே அந்தப் போர்ட்டில் கேட்டு, வரியை வாங்கி, திருத்தி, புதிதாக அனுப்பும் சிறு நிரல் எழுதியிருக்கலாமே?" இந்த இழையில் வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது.

பெட்டியில் சர்வரின் முகவரி நிலையாகப் பதிந்திருந்தாலும், பாக்கெட்டைக் கேட்வேயிலேயே இறக்கிக்கொள்ளும் விதியைக் கெர்னல் செய்து தரும். புதிதாக அனுப்பும் பாக்கெட்டின் செக்சம் கெர்னலின் பொறுப்பு. இரண்டு முறை திருத்தப்படும் பேச்சு இல்லை. நிரல் இறந்தால் திருத்தாத எதுவும் தாண்டிப் போகாது. மார்ச் முதல் நான் எழுதிவரும் இடர்கள் ஒவ்வொன்றும் அங்கே இல்லவே இல்லை.

நான் வரிசையைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம், சர்வர் மென்பொருள் பதிவான முகவரிகளிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும் என்பது. புதிதாக அனுப்பினால் அனுப்புநர் முகவரி கேட்வேயினுடையதாகிவிடும். அந்தப் பட்டியலில் ஒரு முகவரியைச் சேர்க்க முடியுமா என்று 2022இல் நான் தலைமை அலுவலகத்தைக் கேட்கவே இல்லை. நேற்றுக் கேட்டேன். மாலைக்குள் சேர்த்துவிட்டார்கள்.

20 ஏப்ரல் 2024

நேற்று வாக்குப்பதிவு நாள். லாரி வரத்துக் குறைவாக இருந்ததால், வாக்களித்துவிட்டு மணலிக்குப் போய் அங்கே வரிசை விதியை எடுத்துவிட்டுப் புதிய நிரலை வைத்தேன். திருவொற்றியூரை ஒரு வாரம் பழைய வழியிலேயே, திருத்திய செக்சத்துடன், ஓடவிடுகிறேன். இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

வியாசர்பாடி வாசகரே, உங்கள் கருவி யூடிபி என்று 15ஆம் தேதி எழுதியிருந்தீர்கள். உங்கள் சர்வர் அனுப்புநர் முகவரியைப் பார்க்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பார்க்கவில்லை என்றால் வரிசை பக்கமே வராதீர்கள். பார்க்கிறது, மாற்றவும் மறுக்கிறார்கள் என்றால் மட்டும் இங்கே எழுதுங்கள்; மார்க் வைத்த விதியையும் செக்சம் திருத்திய நிரலையும் தருகிறேன்.

26 ஏப்ரல் 2024

24ஆம் தேதியை விட்டுவிட்டு, நேற்றுக் காலை இரண்டு யார்டுகளின் பதிவையும் அச்சுச் சீட்டுகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். மணலி 02 என்ற குறியீட்டில், 2024 ஏப்ரல் 25 என்ற தேதியில், சீட்டில் உள்ள எடையிலேயே பதிவாகியிருக்கிறது. திருவொற்றியூரும் அப்படியே. சர்வரில் செக்சம் பிழை எண்ணிக்கை 6ஆம் தேதி இரவு நின்ற இடத்திலேயே நிற்கிறது. திருவொற்றியூரின் வரிசை விதியை வரும் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன். பழைய ஸ்கிரிப்டை இந்த முறை முதலில் நீக்கி, கணினியை ஒரு தடவை மறுபடி தொடங்கிப் பார்த்துவிட்டுத்தான் யார்டிலிருந்து கிளம்புவேன்.